தேதி போடாத கடிதம்

செவ்வாய் இரவு எட்டரை. ஜூலைக் குளிர்.
உருகுவே ஆறு இருட்டில் எங்கோ இருக்கிறது,
வாடை மட்டும் படியேறி வருகிறது.
சான் ஹெர்வாசியோ ஃபெரோவியாரியோ கழகத்தின் மாடியறையில்
எட்டுப் பேர், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
கை மாறிக்கொண்டிருக்கும் ஒரே மாத்தே குடுவை.
நான் செயலாளர். எனக்கு வாக்கு கிடையாது.
தட்டச்சு உண்டு.

பதினொரு ஆட்டம், ஒரே வெற்றி.
அதுவும் தன் வலைக்குள் தானே அடித்துக்கொண்ட
ஒரு பையனின் புண்ணியத்தில்.

"பதினொரு பேரை அனுப்ப முடியாது,
ஒருத்தனை அனுப்பலாம்.
கணக்கு அவ்வளவுதான்" என்கிறார்
இறைச்சிக்கடை ஒலெகாரியோ.
"ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு மாதச் சம்பளம் இருக்கிறது,
அதையும் உன் கணக்கில் சேர்.
மேற்குக் கொட்டகைக் கூரை இந்த வருடமும் ஒழுகட்டும்"
என்கிறாள் பொருளாளர் ஸுல்மா.
பல்மருத்துவர் இபார்புரு பொறுமையைப் பற்றிப் பேசுகிறார்.
அவருக்கென்ன,
வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பவர்களோடு பிழைப்பவர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
எங்கள் கூடம் உண்மையிலேயே கோணல்.
ஆற்றுப் பக்கம் ஒன்றரை முழம் சரிவு.
டாஸ் தோற்ற ஞாயிறுகளில், இரண்டாம் பாதி முழுக்க,
பந்து வீடு திரும்பும் பசுவைப் போல
எங்கள் கோலுக்கே நடந்து வரும்.
இதற்கு எந்தப் பயிற்சியாளரை மாற்றுவது?

என் இழுப்பறையில் இரண்டு மாதிரிக் கடிதங்கள்.
'தங்கள் சேவைக்கு நன்றி' என்பது ஒன்று.
பத்தொன்பது வருடத்தில் பதினான்கு முறை அடித்திருக்கிறேன்,
பெயரை மட்டும் மாற்றி.
'குழு தங்கள்மீது முழு நம்பிக்கை வைத்திருக்கிறது'
இன்னொன்று.
அது கிடைத்தவர் யாரும் மூன்று ஞாயிறு தாண்டியதில்லை.
நம்பிக்கைக் கடிதம் அடிக்கும்போதுதான்
எனக்கு விரல் தடுமாறும்.

மாற்றியது ஒருமுறை பலித்தது, மறைக்கவில்லை.
புதியவர் வந்த வாரமே நான்கு கோல்.
ஊரே காரின் ஹாரனை அழுத்திக்கொண்டு
சதுக்கத்தைச் சுற்றியது.
அக்டோபரில் அவருக்கும் அடித்தேன்,
அதே தாள், அதே நன்றி.

இன்று மதியம் பெலார்மினோ வந்தார்.
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு,
தன் வேலையைப் பற்றிக் கேட்பார் என்று
முகத்தைத் தயார் செய்திருந்தேன்.
"கோலி பையனுக்குக் கண் தெரியவில்லை" என்றார்.
விளக்கு போட்ட பிறகு, நடுக்கோட்டுக்கு அப்பால்,
அவனுக்குப் பந்து ஒரு மங்கல்.
பரிசோதனைக்கும் லென்ஸுக்கும் நாலாயிரம் பேசோ.
குழுவிடம் சொல்ல வேண்டாம்.
இடம் போய்விடும் என்று பயந்து
போன வருடத்திலிருந்தே மறைக்கிறானாம்.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்குப்
பதினொரு ஆட்டமா என்று கேட்க வாயெடுத்தேன்.
வேறு யாரும் கண்டுபிடிக்கவே இல்லையே என்றும் தோன்றியது.
இரண்டில் எது அவரைப் பற்றிய தீர்ப்பு,
எனக்கு இப்போதும் தெரியவில்லை.

மேலே கை தூக்குகிறார்கள். நான்குக்கு நான்கு.
தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்,
துடைக்கிறார், அடுப்பைப் பார்க்கிறார்.
சொல்லலாம். எழுந்து நின்று ஒரே வரி.
அந்த ஒரு வரியில்
இவர் பிழைப்பார், பையன் போவான்.
குடுவை என்னிடம் வருகிறது. ஆறிவிட்டது. குடிக்கிறேன்.

"இரண்டையும் அடித்து வை" என்கிறார் தலைவர்,
"தேதி மட்டும் போடாதே. ஞாயிறு பார்க்கலாம்."

நாற்காலிகள் இழுபடும் சத்தம்.
ஒலெகாரியோ யாருக்கோ சிகரெட் பற்றவைக்கிறார்.
கீழே இறங்கி சில்லறைப் பெட்டியைத் திறக்கிறேன்.
நாலாயிரம் எண்ணி உறையில் போட்டு,
பேரேட்டில் எழுதுகிறேன்:
வலை பழுதுபார்த்த செலவு.